ரென்பையில் ஒரே கதாபாத்திரத்தை நான்கு பாகங்களிலும் பயன்படுத்துமாறு அமைப்பது எப்படி?

கடைமடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள ஒரு கடைமடைக் கிராமத்தைச் சேர்ந்த நண்பர்கள் மூவர், கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, ரென்பை என்ற மென்பொருளில் ஒரு விஷுவல் நாவல் (படமும் வசனமுமாகக் கதை சொல்லும் கணினி ஆட்டம்) செய்துகொண்டிருக்கிறோம். ஊர் வாய்க்காலின் மடைகளை முறைவைத்துத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டியாக வேலை பார்த்த ஒரு தாத்தாவும், அவருடைய பேத்தி செல்வியும் கதையின் மையம். குறுவை, சம்பா, தாளடி, கோடை என்று நான்கு பாகங்கள் திட்டமிட்டிருக்கிறோம். குறுவைப் பாகம் முடிந்துவிட்டது; வேறு நண்பர்கள் சிலர் அதை விளையாடியும் பார்த்துவிட்டார்கள். சம்பாவைத் தொடங்கிய பிறகுதான் அடித்தளத்தைச் சரியாகப் போடவில்லை என்பது தெரிந்தது.

ஒவ்வொரு பாகத்தையும் தனி புராஜெக்டாக வைத்து, முதல் பாகத்தில் எழுதிய பாத்திர வரிகளை அப்படியே நகலெடுத்து இரண்டாவதில் ஒட்டினோம். பிறகு இங்கே ஒரு நிறத்தை மாற்றினோம், அங்கே ஒரு பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தினோம். இப்போது எந்தப் பிரதி சரியானது என்பதை எங்களாலேயே சொல்ல முடியவில்லை.

படங்களின் எண்ணிக்கை அடுத்த கவலை. தாத்தாவுக்கு மட்டும் ஆறு முகபாவங்கள், நான்கு உடைகள். அதற்கே 24 படங்கள் ஆகின்றன. அவருடைய துண்டு தோளிலும் தலையிலும் இடுப்பிலும் மாறி மாறி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அது 72 ஆகிவிட்டது. இப்படி ஏழு பேர் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, பெயர். பாசனப் பிரிவிலிருந்து வரும் ஓர் அலுவலர் முதலில் ‘யாரோ ஒருவர்’ என்றுதான் உரையாடல் பெட்டியில் தோன்ற வேண்டும். அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பிறகு சொந்தப் பெயர் வர வேண்டும். அந்த இடத்தில் பாத்திரத்தின் பெயர்ப் புலத்தை நேரடியாக மாற்றி எழுதினேன், வேலை செய்தது. ஆனால் சேமித்து, ஆட்டத்தை மூடி, மறுநாள் திறந்தால் அவர் மீண்டும் ‘யாரோ ஒருவர்’ ஆகிவிடுகிறார். இதோடு சேர்ந்த இன்னொரு சந்தேகமும் உண்டு: நீர்க்கட்டியான பெரியவர் செல்விக்குத் தாத்தா, பக்கத்து வீட்டாருக்குப் பெரியப்பா, கங்காணிக்கு வேறு பெயர். பெட்டியில் எதை எழுதுவது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம் தம்பி. நீங்கள் கேட்டவை மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிய செய்திகளில் சில கதை முழுவதும் மாறாதவை. சில கதை நகரும்போது மாறி, மாறிய நிலையிலேயே நிற்பவை. சில ஒரு வசனத்தோடு போய்விடுபவை. இந்த மூன்றுக்கும் ரென்பையில் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. எது எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு நிரலைத் தொடுங்கள்.

மாறாதவற்றை டிஃபைன் வரியில் எழுத வேண்டும். பெயரின் நிறம், அந்தப் பாத்திரத்துக்குரிய படத்தின் அடையாளச் சொல், குரல் பதிவு இருந்தால் அதற்கான குறி ஆகியவை அங்கே சேரும். ஏழு பேருக்கும் பொதுவான எழுத்தளவு, வசனத்தின் நிறம் போன்றவற்றை ஒரு பொதுப் பாத்திரத்தில் ஒரே முறை எழுதி, மற்றவர்களை ‘கைண்ட்’ என்ற அளவுரு மூலம் அதிலிருந்து பெறச் செய்யுங்கள். பிறகு எழுத்தளவை மாற்ற வேண்டுமானால் ஒரு வரியைத் தொட்டால் போதும். ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போகும் டீக்கடைக்காரருக்கோ பஸ் கண்டக்டருக்கோ டிஃபைன் வரியே தேவையில்லை; வசனத்துக்கு முன்னால் மேற்கோள் குறிக்குள் அவருடைய பெயரை எழுதினால் ரென்பை ஏற்றுக்கொள்ளும்.

கதையோடு மாறி நிலைக்க வேண்டியவை டிஃபால்ட் வரியில் அறிவிக்கும் மாறிகளுக்கு, அதாவது மதிப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய பெயர்களுக்கு, உரியவை. உங்கள் அலுவலரின் பெயர் இந்த வகை. அலுவலர் பெயர் என்று ஒரு மாறியை வைத்து அதன் தொடக்க மதிப்பாக ‘யாரோ ஒருவர்’ என்று கொடுங்கள். டிஃபைன் வரியில் பெயர் வர வேண்டிய இடத்தில், மேற்கோளுக்குள் சதுர அடைப்புக்குறியிட்டு அந்த மாறியைக் குறிப்பிடுங்கள். அறிமுகக் காட்சியில் மாறியின் மதிப்பை மட்டும் மாற்றினால் அந்த நொடியிலிருந்து எல்லாப் பெட்டிகளிலும் புதிய பெயர் வரும், சேமிப்பிலும் நிற்கும். இப்போது உங்களுக்கு நேர்வது ஏன் என்றால், ஆட்டம் தொடங்கிய பிறகு மதிப்பு மாறிய மாறிகளைத்தான் ரென்பை சேமிக்கிறது. நீங்கள் மாறியை மாற்றவில்லை. தொடக்கத்திலேயே உருவாகிவிட்ட ஒரு பொருளின் உள்ளே கைவிட்டு ஒரு புலத்தைத் திருத்தினீர்கள். ஆட்டத்தை மறுபடி திறக்கும்போது டிஃபைன் வரி புதிதாக ஓடி, அந்தப் பொருளைப் பழைய பெயரோடு மீண்டும் உருவாக்கிவிடுகிறது.

ஒரு வசனத்தோடு போகிறவை முகபாவம் போன்ற படத்தின் பண்புகள். டிஃபைன் வரியில் படத்தின் அடையாளச் சொல்லைக் கொடுத்திருந்தால், வசனத்தின் முன்னால் பாத்திரத்தின் சுருக்கப் பெயரையும் அடுத்து ‘சிரிப்பு’ என்ற பண்பையும் எழுதினாலே முகம் மாறிவிடும்; படத்தைக் காட்டும் ஷோ வரி தனியாகத் தேவையில்லை. அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் முகம் சுருங்கி, அடுத்த வசனத்தில் பழைய முகம் திரும்ப வேண்டுமானால், பண்புக்கு முன்னால் மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியை இடுங்கள். முதியவர்களின் கோபம் பெரும்பாலும் ஒரு வாக்கியம்தான் நிற்கும் என்பதால் உங்கள் தாத்தாவுக்கு இது மிகவும் பயன்படும். (பண்புகளையும் கோப்புகளையும் இங்கே புரிவதற்காகத் தமிழில் சொல்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் வைப்பதே பாதுகாப்பு.)

உறவுமுறைச் சிக்கலுக்கு என் கருத்து: பெட்டியில் வரும் பெயர் வாசகருக்கானது, பேசுகிறவருக்கானது அன்று. கதையைச் செல்வியின் கண் வழியாகச் சொல்வதானால் எல்லாக் காட்சியிலும் ‘தாத்தா’ என்றே இருக்கட்டும். பெரியப்பா என்பதும் மற்றவையும் வசனத்துக்குள் விளியாக வரட்டும். பேசுகிறவரைப் பொறுத்துப் பெட்டியின் பெயரை மாற்றினால், இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வாசகர் எண்ணிவிடுவார்.

இனி நான்கு பாகங்கள். நான்கையும் சேர்த்துத்தான் வெளியிடப் போகிறீர்கள் என்றால் தனித்தனி புராஜெக்டுகளைக் கைவிட்டு ஒரே புராஜெக்டில் நான்கு கதைக் கோப்புகளாக வையுங்கள். அப்போது குறுவையில் செல்வி எடுத்த முடிவு தாளடியிலும் தானாகவே கிடைக்கும். பருவத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே வெளியிட வேண்டும் என்றால், பாத்திரங்களுக்கென்று ஒரே ஒரு மூலக் கோப்புறையை வைத்துக்கொண்டு அதை மட்டும் திருத்துங்கள். பாகங்களுக்குள் இருப்பவை வெறும் நகல்கள், அவற்றை யாரும் தொடக்கூடாது என்பதை மூவரும் உறுதியாகக் கடைப்பிடியுங்கள். கேம் கோப்புறையின் கீழ் எந்த உட்கோப்புறையில் நிரல் கோப்பு இருந்தாலும் ரென்பை அதைப் படித்துக்கொள்ளும். ஆகவே இமேஜஸ் கோப்புறைக்குள்ளேயே ‘ஊரார்’ என்று ஓர் உட்கோப்புறை செய்து, படங்களையும் பாத்திர வரிகள் உள்ள கோப்பையும் ஒன்றாக அதில் வைத்தால், அடுத்த பாகத்துக்கு அந்த ஒரு கோப்புறையைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். ஒரு பாகத்தில் எடுத்த முடிவை வேறொரு பாகம் அறிய வேண்டுமானால் ‘மல்ட்டிபெர்சிஸ்டன்ட்’ என்ற வசதி உண்டு; அதை முதல் பாகம் வெளியாவதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்துரு பற்றியும் ஒரு சொல். ரென்பையோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைச் சேர்த்திருப்பீர்கள். கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் சரியாக அமர, எழுத்துகளை வடிவமைக்கும் வசதி உள்ள புதிய பதிப்பையே பயன்படுத்துங்கள். பழைய பதிப்பில் ‘கொள்ளிடம்’ என்று எழுதி நான் பட்ட பாடு கொஞ்சம் அன்று.

படங்களைப் பற்றி என்னைவிட நன்கு சொல்லக்கூடியவர் இந்தக் குழுவில் இருக்கிறார்.

அரசலாறு எழுதியது:

தம்பிகளுக்கு வணக்கம். கும்பகோணத்தில் பல ஆண்டுகளாகப் படம் வரைந்து பிழைப்பவன் நான். ரென்பைக்கு வந்தது பிற்பாடுதான். 72 படங்களை வரைய உட்காராதீர்கள். ‘லேயர்டு இமேஜ்’ என்ற அமைப்பில் முகம் ஆறு, உடை நான்கு, துண்டு மூன்று என்று 13 படங்கள் போதும். ரென்பை அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும்.

தஞ்சாவூர் நாட்டியப் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனியாகச் செய்யப்பட்டு ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்திருக்கும். அமரும் இடம் பிசகினால் தலை ஆடாது, சாயும். அடுக்குப் படத்துக்கும் அதே விதிதான். எல்லா அடுக்குகளும் ஒரே அகல உயரத்தில் இருக்க வேண்டும். துண்டு சிறியதுதானே என்று அதைச் சுற்றி வெட்டிச் சேமிக்காதீர்கள். முழுத் தாளின் அளவில், மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்குமாறு சேமியுங்கள். வெறுமையான பகுதி பிஎன்ஜி கோப்பில் மிகக் குறைந்த இடத்தையே எடுக்கும். 1920-க்கு 1080 திரையில் தாத்தா ஏறக்குறைய முழு உயரத்துக்கு நிற்பதானால், 800-க்கு 1050 என்று ஓர் அளவை வைத்துக்கொண்டு கடைசி வரை அதை மாற்றாதீர்கள். ஏழு பேருக்கும் பாதம் படும் கோடு ஒன்றாகவே இருக்கட்டும்.

முகம், உடை, துண்டு ஒவ்வொன்றையும் ஒரு குரூப்பாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒன்றை டிஃபால்ட் என்று குறித்துவிடுங்கள். ஒரே குரூப்பில் ஒரு நேரத்தில் ஒரு பண்புதான் இருக்கும். முகத்தை மாற்றினால் உடையும் துண்டும் இருந்தபடியே இருக்கும். கோப்பின் பெயரில் பாத்திரம், குரூப், பண்பு என்ற வரிசையில் இடையே அடிக்கோடிட்டு எழுதினால், ‘ஆட்டோ’ என்ற ஒரு சொல்லால் எல்லாக் கோப்புகளையும் ரென்பையே சேர்த்துக்கொள்ளும்.

துண்டில்தான் நீங்கள் பொறுமையாக உட்கார வேண்டும். தோளில் கிடக்கும் துண்டின் ஒரு பகுதி கழுத்துக்குப் பின்னால் போகிறது, மறு பகுதி மார்பின் மேல் விழுகிறது. இதை ஒரே படமாக வரைந்து உடைக்கு மேல் வைத்தால், கழுத்தை அறுத்துக்கொண்டு நிற்பது போலத் தெரியும். எனவே பின்துண்டு, முன்துண்டு என்று இரண்டாக வரைந்து, பின்துண்டை உடலுக்கு முந்திய குரூப்பிலும் முன்துண்டை உடைக்கு அடுத்த குரூப்பிலும் வைத்து, இரண்டுக்கும் ‘தோள்’ என்ற ஒரே பண்புப் பெயரைக் கொடுங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் ரென்பை இரண்டையும் சேர்த்தே காட்டும். முன்னால் எழுதியது அடியிலும் பின்னால் எழுதியது மேலேயும் வரும் என்பதை மறக்காதீர்கள். முண்டாசு, முகத்துக்கும் முடிக்கும் மேலே கடைசியாக வர வேண்டும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. வயலில் முண்டாசாக இருக்கும் துண்டு வீட்டில் தோளுக்கு வருகிறது. அதே துண்டு யாருக்கு முன்னால் இடுப்புக்கு இறங்கியது என்பது நம் பகுதிக்கு ஒரு வரலாறு. உங்கள் தாத்தா நீர்க்கட்டி. மேல்மடைக்காரரிடம் தண்ணீர் முறை கேட்கப் போகும்போது அவருடைய துண்டு எங்கே இருக்கிறது என்பதை வசனமாகச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த ஒரு அடுக்கு சொல்லிவிடும். அதைச் சரியாகச் செய்யுங்கள்.

முழங்கால் வரை படிந்த சேற்றுக்குத் தனி உடை வரைய வேண்டாம். சேறு மட்டும் உள்ள ஒரு மெல்லிய அடுக்கை வரைந்து, ‘இஃப்’ நிபந்தனையின் கீழ் ஒரு மாறியோடு கட்டிவிடுங்கள். நடவுக் காட்சியில் அந்த மாறி உண்மையாகும்; வாய்க்காலில் கால் கழுவியதும் பொய்யாகும்.

கடைமடை எழுதியது:

அய்யா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாட்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். அலுவலரின் பெயர் இப்போது சேமிப்பில் நிற்கிறது. துண்டை அய்யா சொன்னபடி இரண்டாக வரைந்தது படத்தின் தோற்றத்தையே மாற்றிவிட்டது.

இரண்டு இடங்களில் தடுமாறி நிற்கிறோம். பாத்திர வரிகளைப் பழைய கோப்பிலிருந்து எடுத்துப் புதிய ஊரார் கோப்புறையில் வைத்து, பழைய கோப்பை நீக்கிவிட்டோம். ஆனாலும் ஆட்டத்தைத் தொடங்கினால், அலுவலரின் பெயர் மாறிக்கு இரண்டாவது முறையாக டிஃபால்ட் கொடுக்கப்படுகிறது என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. தேடிப் பார்த்தால் அந்த வரி ஒரே ஒரு கோப்பில்தான் இருக்கிறது.

மற்றொன்று, மேல்மடைக் காட்சியில் துண்டை இடுப்புக்கு இறக்கினோம். அடுத்த காட்சி அதே மேல்மடைக்காரரின் வீட்டு முற்றம். பின்னணி மாறியதும் துண்டு தானாகத் தோளுக்கு ஏறிவிட்டது. கதையில் அந்த இடத்தில் அது நேரவே கூடாது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

முதலாவது எனக்கும் நேர்ந்து ஒரு நாள் முழுவதையும் தின்றிருக்கிறது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிரல் கோப்புக்கும் பக்கத்தில், அதே பெயரில் ஆனால் நீட்சியின் கடைசியில் சி என்ற எழுத்து கூடுதலாக உள்ள ஒரு தொகுக்கப்பட்ட கோப்பை ரென்பை உண்டாக்கி வைக்கிறது. நீங்கள் நீக்கியது எழுதிய கோப்பை. தொகுக்கப்பட்டது அங்கேயே கிடக்கிறது, ரென்பை அதையும் படிக்கிறது. எழுத்துத் திருத்தியில் தேடினால் அது கண்ணில் படாது. அந்த ஒரு கோப்பை நீக்குங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம், வெளியிட்ட ஆட்டத்தின் பழைய சேமிப்புகள் சரியாகத் திறக்க அவை உதவுகின்றன.

இரண்டாவதில் பிழை ரென்பையுடையது அன்று. பின்னணியை மாற்றும் சீன் வரி திரையில் உள்ளவற்றை நீக்கும்போது பண்புகளும் மறக்கப்படுகின்றன. தாத்தா மறுபடி தோன்றும்போது டிஃபால்ட் என்று குறித்த தோள்துண்டோடு வருகிறார். முகபாவம் அப்படி மறக்கப்படுவது நல்லதுதான். துண்டை நாம் முகத்தைப் போல ஒரு நொடிக்குரியதாக அமைத்தோம். உங்கள் கதையில் அது காட்சிகளைத் தாண்டி நிற்கிறது. எனவே அதைப் பண்பிலிருந்து எடுத்து, துண்டு இருக்குமிடம் என்று ஒரு மாறியை டிஃபால்ட் வரியில் அறிவித்து, அரசலாறு அய்யா சேற்றுக்குச் சொன்னது போலவே ஒவ்வொரு துண்டு அடுக்கையும் இஃப் நிபந்தனையோடு கட்டுங்கள். பின்துண்டுக்கும் அதே நிபந்தனையைத் தர மறக்க வேண்டாம். உடைக்கும் இதையே செய்வது நல்லது. காலையில் கட்டிய வேட்டி மாலை வரை அதேதான். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் அதை நினைவில் வைத்து எழுதும் பொறுப்பு உங்களுக்கு எதற்கு?

இன்னொன்றும் உண்டு. குறுவைப் பாகத்தை நண்பர்கள் ஏற்கெனவே விளையாடியிருக்கிறார்கள் என்றீர்கள். டிஃபால்ட் மாறியின் தொடக்க மதிப்பை இனி நீங்கள் திருத்தினாலும், அவர்களுடைய பழைய சேமிப்பில் பதிந்த மதிப்புதான் வரும். பெயரில் இருந்த எழுத்துப் பிழை உட்பட. ‘ஆஃப்டர் லோட்’ என்ற லேபிளை எழுதினால் ஒவ்வொரு சேமிப்பும் திறக்கப்பட்டவுடன் அது ஓடும். பழைய மதிப்பு இருந்தால் அங்கே திருத்திவிட்டு, வாசகர் பின்னோக்கிப் போய் அந்தத் திருத்தத்தை இழந்துவிடாமல் ரோல்பேக்கையும் அதே இடத்தில் தடுத்துவிடுங்கள்.

கடைமடை எழுதியது:

தொகுக்கப்பட்ட கோப்பு அங்கேதான் கிடந்தது அண்ணா. நீக்கியதும் ஆட்டம் திறந்துவிட்டது. துண்டையும் உடையையும் மாறிகளுக்கு மாற்றிவிட்டோம். முற்றத்துக் காட்சி முடிந்து தாத்தா வாய்க்கால் கரைக்குத் திரும்பி வரும்வரை துண்டு இடுப்பிலேயே இருக்கிறது. கரையில் செல்வி அவரைப் பார்க்கும் வரியில்தான் அது தோளுக்கு ஏறுகிறது. அந்த ஏற்றம் சட்டென்று நடப்பது மட்டும் கண்ணை உறுத்துகிறது.

அரசலாறு எழுதியது:

மாறியை மாற்றும் வரிக்கு அடுத்து, பழைய படம் கரைந்து புதியது தோன்றும் ‘டிசால்வ்’ மாற்றத்தை அரை வினாடிக்குக் கொடுத்துப் பாருங்கள் தம்பி. அப்படியும் இயல்பாகத் தெரியவில்லை என்றால், துண்டை உதறும் கையோடு இடைநிலைப் படம் ஒன்றை வரையுங்கள். கை உயரும் அளவுக்குத் துண்டின் முனை காற்றில் இருக்கட்டும். வரைந்ததை இங்கே இடுங்கள், பார்க்கிறேன்.